மணிச்சத்தம் எட்டுகிற தூரம்

யாக்கோபுவின் உலகத்துக்கு ஓர் எல்லை இருந்தது. கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும்.

உச்சிப்புளிக்குத் தெற்கே, பனைகளும் உடைமரங்களும் முடிந்து கடல் தொடங்குகிற இடத்தில் அவருடைய குடியிருப்பு. எல்லாம் மீன்பிடிக்காரர் வீடுகள். நடுவில் செபஸ்தியார் கோயில். கோயிலுக்குப் பல காலம் ஓலைக்கூரைதான், பிறகுதான் ஓடு போட்டார்கள். ஆனால் மணி மட்டும் அந்தக் கோயிலின் அளவுக்கு மீறிய மணி. கனத்த வெண்கலம். வாசலில் இரண்டு கல்தூண்களை நட்டு, அவற்றுக்கு இடையில் ஓர் இரும்பு அச்சில் தொங்கவிட்டிருந்தார்கள். காலை, மதியம், அந்தி என்று மூன்று வேளையும் திரிகால செபத்துக்குக் கோயில்பிள்ளை சவேரியார் கயிற்றை இழுத்து அடிப்பார். அந்த மூன்று வேளையும் யாக்கோபு அந்தச் சத்தம் காதில் விழுகிற இடத்தில் இருந்தாக வேண்டும். விழுந்ததும் முழந்தாளிட வேண்டும்.

இது அவர் நேர்ந்த நேர்ச்சை இல்லை. அவருடைய ஆத்தா யாகப்பம்மாள் நேர்ந்தது.

யுத்தகாலத்தில் யாக்கோபு வாலிபர். அஞ்சாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, மண்டபத்தில் ரயில் இஞ்சின்களுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். விமானப்படைக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் அவர் கைவேலையைப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். பயிற்சி முடிந்து, விமான இஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுகிற பிட்டர் வேலை, பர்மா எல்லையில். அங்கே குண்டு போடுகிற சின்ன விமானங்கள் இருந்தன. ஒன்றில் இரண்டே பேர். முன்னால் ஓட்டுகிறவர். பின்னால், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துப்பாக்கிக்காரர்.

அந்தப் படையில் ஒரு வழக்கம் உண்டு. இஞ்சினைப் பிரித்துப் பூட்டிய பிட்டர், அந்த விமானத்தின் முதல் ஓட்டத்தில் துப்பாக்கிக்காரர் இடத்தில் தானே ஏறி உட்கார வேண்டும். “செஞ்சவன் ஏறிப் பாக்கட்டும்” என்பார்கள். ஏறப்போவது தானே என்று தெரிந்தால் எவனும் ஒரு மரையைக்கூடத் தளர விடமாட்டான் அல்லவா?

மற்ற பிட்டர்கள் அந்த ஓட்டத்துக்குப் பயந்து ஒளிவார்கள். யாக்கோபு ஒளியவில்லை. பின்னால் பார்த்து உட்கார்ந்தபடி மேலே போகும்போது, வந்த வழியெல்லாம் விரிந்துகொண்டே போகும். ஆறு, வயல், கூடாரம், மனிதர் எல்லாம் சின்னதாகிச் சின்னதாகி, கடைசியில் வெறும் வெளிச்சம். ஆண்டவர் உலகத்தை இப்படித்தான் பார்க்கிறார் போல என்று நினைத்துக்கொள்வார். நினைத்ததற்காக உடனே சிலுவை போட்டுக்கொள்வார்.

அப்படி அவர் ஏறிப் போன ஒரு விமானம் இஞ்சின் நின்று, எங்கோ ஒரு வயல்காட்டில் இறங்கிவிட்டது. ஆளுக்குச் சேதமில்லை. ஆனால் அவர்கள் நடந்து வந்து சேருவதற்குள், ‘ஆளைக் காணவில்லை’ என்று ஊருக்குத் தந்தி வந்துவிட்டது.

யாகப்பம்மாள் தலைவிரி கோலமாகக் கோயிலுக்கு ஓடினாள். “என் மகனைத் திருப்பிக் கொடு. கொடுத்தா, உன் மணி கேக்குற எடத்த விட்டு அவன எங்கயும் போக விடமாட்டேன். மூணு வேளையும் உன் சத்தத்துக்கு உள்ளதான் இருப்பான்.” ஊரே பார்க்க, மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்ன வார்த்தை அது.

மகன் உயிரோடு இருக்கிறான் என்று அடுத்த தகவல் வந்ததும், ராமநாதபுரத்து ஆசாரியிடம் போய் வெள்ளியில் ஒரு விமானம் செய்து வாங்கி வந்து செபஸ்தியார் காலடியில் வைத்தாள். ஆசாரி விமானத்தைக் கண்டதில்லை. கடலுக்கு மேலே பறக்குமாம், இறக்கை உண்டாம் என்று அவள் சொன்ன அடையாளத்தை வைத்து, அச்சு அசலாக ஒரு பறவைக்கோலா மீனைச் செய்து கொடுத்துவிட்டார். அது இன்றைக்கும் அங்கே இருக்கிறது. பிள்ளைகள் அதை யாக்கோபு மீன் என்பார்கள்.

யுத்தம் முடிந்து ஊருக்கு வந்தவர் அதற்குப் பிறகு வெளியே போகவில்லை. அடுப்பு, சைக்கிள், தண்ணீர் இறைக்கிற இஞ்சின் என்று கைக்கு வந்ததைப் பழுது பார்த்தார். கரையோரம் வலை போட்டார். எல்லை காற்றுக்குத் தக்கபடி நகரும். சோழகக் காற்று கடலிலிருந்து வீசும் மாதங்களில் மணிச்சத்தம் வடக்கே, கிளை விட்டு நிற்கிற ஒற்றைப் பனையான கிளைப்பனை வரைக்கும் போகும். வாடை திரும்பிவிட்டால் சத்தம் கடல் பக்கம் போய்விடும், நிலத்தில் உப்பளம் தாண்டாது. ஆத்தாவின் காலத்தில் இன்னும் தூரம் கேட்டதாகச் சொல்வார்கள். அச்சு தேயத் தேய மணி ஆட்டம் குறைந்து, சத்தமும் குறுகிப்போனது. ஊர்க்காரர்கள் “மணி நொண்டுது” என்றார்கள். யாக்கோபுவின் உலகமும் அதோடு சேர்ந்து நொண்டியது.

ஒரே ஒரு தடவை தவறினார். ராமநாதபுரத்தில் ஓர் இஞ்சின் வேலை. மதிய மணிக்குப் பிறகு போய் அந்தி மணிக்குள் வந்துவிடலாம் என்று போனவர், பஸ் பழுதாகி இருட்டிய பிறகுதான் வந்தார். அன்றைக்குப் பார்த்து கடலுக்குப் போன ஒரு வத்தைப் படகு கரை திரும்பவில்லை. மறுநாள் உச்சிவேளையில் வத்தையும் ஆட்களும் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள், நீரோட்டம் இழுத்துப் போயிருக்கிறது. கரையில் எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். யாக்கோபுவின் வீட்டைக் கடக்கும்போது மட்டும் சிரிப்பு நின்றது. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

யாகப்பம்மாள் அந்த வருஷமே கண்ணை மூடினாள். அவிழ்க்கத் தெரிந்தவள் போய்விட்டாள், முடிச்சு மட்டும் இருந்தது.

---

தவசி வந்தது அதற்கப்புறம் சில வருஷம் கழித்து, ஒரு தை மாதத்தில். திருவாடானைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். யுத்தத்தில் யாக்கோபு வேலை பார்த்த அதே படையில் துப்பாக்கிக்காரராக இருந்தவர். மாட்டுவண்டி ஒன்று குடியிருப்புக்குள் முக்கி முனகி வர, அதன் பின்னால் தோளில் துண்டோடு நடந்து வந்தார். வண்டியில் தார்ப்பாய்க்குக் கீழே ஏதோ எருமை படுத்த மாதிரி கிடந்தது.

“ஏலே யாக்கோபு! உசுரோடதான் இருக்கியா?”

“தவசி! நீ எங்கன இருந்து வார?”

“உச்சிப்புளி விமானத் தளத்துல பழசெல்லாம் ஏலம் போட்டான். இதை ஒருத்தரும் சீண்டல. உப்புக்காத்துல கெடந்து துருவேறி, மணலு உள்ள போயி, சக்கரம் அசையல. கருவாட்டு வெலைக்குக் கொடுத்துட்டான்” என்று தார்ப்பாயை இழுத்தார்.

லேத்து. இரும்பைச் சுழலவிட்டுக் கடைகிற இயந்திரம். ஒரு காலத்தில் விமான உதிரிகளைக் கடைந்தது. இப்போது அதன் மேல் எலி குடும்பம் நடத்தியிருந்தது.

யாக்கோபுவின் மனைவி லூர்து மேரி கருவாடு காயப்போட்ட கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். “இதைக் கொண்டாந்து எங்க வீட்டுலயாண்ணே எறக்கணும்? இங்கன ஒண்ணு ஏற்கெனவே துருப்பிடிச்சு அசையாமக் கெடக்கு” என்று புருஷனைக் காட்டினாள்.

தவசி வாய்விட்டுச் சிரித்தார். யாக்கோபுவும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு அந்தச் சொல் கொஞ்ச நேரம் உள்ளே குத்திக்கொண்டு இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் ஓலைக்கொட்டகை போட்டு லேத்தை இறக்கினார்கள். தவசி ஊருக்குப் போவதும் வருவதுமாக, மாதக்கணக்கில் வேலை நடந்தது. மணலைத் துடைப்பத்தால் கூட்டி, பழைய எண்ணெய்ப்பசையைச் சுரண்டி, ஒவ்வொரு துண்டாகக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார்கள். சுழலுகிற தண்டு மட்டும் தலைப்பெட்டிக்குள் இறுகிப்போய் அசைவேனா என்றது. மண்ணெண்ணெய்க்கு மசியவில்லை. வத்தைக்குப் பூசுகிற சுறா எண்ணெயைக் காய்ச்சி ஊற்றினார் யாக்கோபு. நாற்றம் ஊரைத் தூக்கியது.

“யுத்தத்துலகூட இப்படி நாறல” என்று துண்டால் மூக்கை மூடிக்கொண்டார் தவசி.

“நாறுறதுதான் உள்ள போகும். பொறு.”

ஊற வைத்து, சிரட்டைக்கரியால் இதமாகச் சூடு காட்டி, மரச்சுத்தியால் செல்லமாகத் தட்டி, பிறகு காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பில்தான் பேச்சு. தவசிக்கு வானம் என்றாலே ஆகாது. அவருக்கு அது வேறு அனுபவம்.

“நீ சோதனை ஓட்டத்துல போன. உனக்கு அது தேரோட்டம். நாங்க குண்டு போடப் போவோம். மேல இருந்து தலைகீழா விழுவான் பாரு ஓட்டுறவன், எனக்குப் பின்பக்கம்தான் தெரியும். எங்க விழுறோம்னே தெரியாது. வானம் மட்டும் மேல மேல போயிக்கிட்டே இருக்கும். கெணத்துக்குள்ள விழுறவன் கெணத்து வாயைப் பாத்துக்கிட்டே விழுவான்ல, அது மாதிரி.”

“நான் பாத்தது வேற தவசி. எனக்கு எல்லாம் விரிஞ்சுக்கிட்டே போச்சு.”

“உனக்கு மூடி தொறந்துச்சு. எனக்குத் தொறக்கல.”

அந்தக் கதை இருவருக்கும் தெரியும். என்றாலும் தவசி ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வார். சக்கரம் இறங்காமல் வயிற்றாலே தரையில் மோதி நின்ற விமானம். முன்னால் இருந்தவர் குதித்துவிட்டார். பின்னால் தவசியின் தலைக்கு மேல் இருந்த கண்ணாடி மூடி நெளிந்து சிக்கிக்கொண்டது. பெட்ரோல் வாசனை. வெளியே எல்லாரும் விலகி ஓடுகிறார்கள். ஒருவர் மட்டும் கோடரியோடு எதிரே ஓடி வருகிறார்.

“கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உன் மூஞ்சி. என்னமோ சொல்லிக்கிட்டே வெட்டுற. வையுறன்னு நெனச்சேன்.”

“அருள் நிறைந்த மரியாயே சொன்னேன்.”

“தெரியும். வெளிய எடுத்ததுக்கப்புறந்தான் வஞ்ச.”

தவசி இன்றைக்கும் கதவு மூடிய அறையில் தூங்கமாட்டார். யாக்கோபு வீட்டில் எவ்வளவு வற்புறுத்தினாலும் கொட்டகைக்கு வெளியே மணலில்தான் பாய் விரிப்பார்.

பேச்சின் நடுவே மணி அடிக்கும். யாக்கோபு கையிலிருந்ததை வைத்துவிட்டு முழந்தாளிடுவார். தவசி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முடிகிற வரைக்கும் பேசாமல் நிற்பார்.

ஒரு நாள் பிற்பகலில், யாக்கோபு சும்மா கையை வைத்துத் திருகியபோது, தண்டு ‘க்ரக்’ என்று ஒரு விரல் அகலம் நகர்ந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இன்னொரு திருகு. இன்னும் கொஞ்சம். பிறகு, இத்தனை வருஷம் அசையாமல் கிடந்ததே அது இல்லை என்பதுபோல், முழுச்சுற்றும் சுற்றி வந்தது. தவசி கொட்டகைக்கு வெளியே ஓடி, “தங்கச்சி! ஓடி வா! அசைஞ்சிருச்சு!” என்று கத்தினார்.

“எது? ரெண்டுல எது?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள் லூர்து மேரி.

---

எண்ணெய் இஞ்சின் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, தோல் பட்டையால் லேத்தோடு இணைத்து ஓட்டிப் பார்த்த அன்றுதான் தவசி மனதில் இருந்ததைச் சொன்னார்.

“ராமநாதபுரத்துல பஸ் நிக்கிற எடத்துக்கிட்ட ஒரு கொட்டகை பேசியிருக்கேன். ஈஸ்டர் முடிஞ்சதும் லேத்தை ஏத்திட்டுப் போறேன். நீயும் வார. கூட்டாளி. இப்ப படகுக்கெல்லாம் இஞ்சின் வைக்க ஆரம்பிச்சிட்டான். அச்சுக் கடையுறதுக்கு மதுரைக்கு ஓடுறான். நாம ரெண்டு பேரும் இருந்தா...”

 யாக்கோபு லேத்தின் சக்கரத்தையே பார்த்தார். இரும்பு சுழலும்போது அதிலிருந்து சுருள் சுருளாகப் பிரிந்து விழுந்த சீவல் வெயிலில் நீலமாக மின்னியது. அவருக்கு வேண்டியது அதுதான். இந்த வேலை. இந்தக் கை இதற்காகத்தான் படைக்கப்பட்டது என்று அவருக்குத் தெரியும். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு விமானத்தில் மேலே எழும்பும்போது இருந்த அந்த உணர்வு திரும்பி வந்தது.

“மணி இருக்கே தவசி.”

“மணி!” தவசி கையிலிருந்த துணியைத் தரையில் வீசினார்.

லூர்து மேரி சும்மா இருக்கவில்லை. “உங்காத்தா உங்களத்தான் நேந்தாக. என்னையும் சேத்து இந்தக் கருவாட்டு நாத்தத்துல கட்டிப்போடணும்னு நேரல. பங்குச் சாமிகிட்ட கேளுங்க. அவுக சொன்னாக் கேப்பீகல்ல?”

மாதம் ஒரு தடவை பூசை வைக்க வருகிற பங்குச் சாமியார் நல்லவர். திண்டுக்கல் பக்கத்துக்காரர். முழுவதும் பொறுமையாகக் கேட்டார். “யாக்கோபு, ஒருத்தர் நேர்ந்த நேர்ச்சை இன்னொருத்தரைக் கட்டாது. உங்க அம்மா நேர்ந்தது அவங்களோட முடிஞ்சுபோச்சு. நீங்க தாராளமாப் போகலாம். திருச்சபைச் சட்டமே அதுதான்.”

“எனக்குத் தெரியுது சாமி. செபஸ்தியாருக்கும் தெரியணுமே.”

சாமியார் சிரித்தார். “அவருக்குச் சட்டம் தெரியாதுன்னா நினைக்கிறீங்க?”

“ஊருக்குத் தெரியாது சாமி. எங்காத்தா கயித்தப் பிடிச்சு அழுதத அவுக பாத்திருக்காக. நாளைக்கு ஒரு வத்தை திரும்பலைன்னா...”  சொல்லாமல் விட்டது இன்னொன்று. ஆத்தா கொடுத்ததைத் தான் திருப்பி எடுத்தால், ஆத்தா வாங்கியதைச் செபஸ்தியார் திருப்பிக் கேட்கமாட்டாரா? வாங்கியது இந்த உயிர்தானே?

சாமியார் அவர் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார். கதவு திறந்துதான் கிடந்தது. வெளியே போகத்தான் கால் வரவில்லை.

---

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் வந்தது. பெரிய வியாழன் அன்று கடைசியாக மணி அடித்துவிட்டு நிறுத்தினால் பிறகு உயிர்ப்பு ஞாயிறு விடியலில்தான் அடிப்பார்கள். ஆண்டவர் பாடுபடுகிற நேரத்தில் மணி பேசக்கூடாது. மரத்தட்டையைத் தட்டிக்கொண்டுதான் கோயில்பிள்ளை தெருச் சுற்றுவார். வியாழன் கடைசி மணியில் அச்சு கிறீச்சிட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. மணி தூணில் உரசி, ‘தொம்’ என்று மொட்டையாக ஒரு சத்தம் வந்து நின்றது.

சவேரியார் நேரே கொட்டகைக்கு வந்தார். “யாக்கோபு, மணி அச்சோட ரெண்டு பக்கத்து முளையும் தேஞ்சு ஊசியாட்டம் இருக்குப்பா. ஞாயித்துக்கெழமை விடியல்ல மணி இல்லாம ஆண்டவர எப்படி எழுப்புறது? உன்கிட்டதான் இப்ப மிசின் இருக்கே.”

விமானத் தளத்திலிருந்து லேத்தோடு வந்த சாமான்களில் ஒரு விமானச் சக்கரத்தின் தண்டு கிடந்தது. நல்ல எஃகு. அதிலிருந்து இரண்டு முளை கடையலாம். யாக்கோபு பழைய முளைகளை அளந்து, தேயாத அடிப்பக்கத்தைப் பார்த்து அளவைச் சுண்ணாம்புக் கட்டியால் பலகையில் எழுதி வைத்தார். அதற்குள் வெள்ளி பிறந்துவிட்டது. பெரிய வெள்ளி அன்று அந்தக் கரையில் ஒருவரும் ஆணியைத் தொடமாட்டார்கள், சுத்தியலை எடுக்கமாட்டார்கள். ஆண்டவரை அறைந்த இரும்பு அது. குடியிருப்பே திரண்டு பங்குக் கோயிலுக்குச் சிலுவைப்பாதைக்குப் புறப்பட்டது.

“உங்களுக்குத்தானே வெலக்கு. எனக்கென்ன? நான் கடைஞ்சு வைக்கிறேன்” என்றார் தவசி.

யாக்கோபு யோசித்தார். “சரி. அளவு பலகையில இருக்கு. ஊரு கெளம்பினதுக்கப்புறம் இஞ்சினைப் போடு.”

சிலுவைப்பாதையில் ஒவ்வொரு நிலையிலும் முழந்தாளிட்டபோது யாக்கோபுவுக்கு ஒன்று உறைத்தது. இன்றைக்கு எந்தக் கோயிலிலும் மணி இல்லை. எல்லை என்று ஒன்றும் இல்லை. இப்படியே நடந்து போய்க்கொண்டே இருக்கலாம். அப்படி நினைத்ததற்காகவும் சிலுவை போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை காலை கொட்டகைக்குள் போனபோது பலகை மேல் இரண்டு முளைகள் எண்ணெய் பூசிப் பளபளத்துக்கொண்டு இருந்தன. யாக்கோபு ஒன்றை அளவு பார்க்கிற காலிபரில் பிடித்தார். சரி. இன்னொன்றைப் பிடித்தார். காலிபரை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் பிடித்தார். மெலிந்திருந்தது. பார்வைக்குத் தெரியாத மெலிவு. ஆனால் பூட்டினால் அச்சுக்குழியில் ஆடும். ஆடினால் தேயும்.

தவசி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“கை தவறிருச்சா தவசி?”

“இல்ல.”

 வெளியே லூர்து மேரி கருவாட்டைப் புரட்டிப் போடுகிற சத்தம் கேட்டது.

“முறியாதுலே. அந்தப் பாவத்த நான் செய்வேனா? சவேரியார் கீழதானே நிக்கிறாரு. தேயும், அவ்வளவுதான். ஒரு வருசத்துல மணி உக்காந்துரும். லேத்தும் இங்கன இருக்காது, நீயும் இருக்கமாட்ட. மறுபடி செய்யுறதுக்கு ஊருக்கு எந்தக் காலமோ. அடிக்காத மணிக்கு எல்லை ஏது? உன்ன யாரு கேப்பா?” தவசி வாசலை விட்டு உள்ளே வந்தார். “எல்லாரும் வெலகி ஓடுனப்ப நீ ஒருத்தன்தான் கோடரியோட வந்த. உன் மூடிய நான் எதைக் கொண்டு வெட்டுறது? எங்கிட்ட இதுதான் இருந்துச்சு.”

யாக்கோபு அந்த மெலிந்த முளையை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். அழகான வேலை. துப்பாக்கிக்காரருக்கு இவ்வளவு கை வருமென்று அவர் நினைத்ததில்லை. இதைப் பேசாமல் சவேரியாரிடம் கொடுத்துவிடலாம். ஒருவருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை இரும்பைத் தொட்டது தான் இல்லை. சாமியாரும் போகலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். ஒரு வருஷம் பொறுத்தால் போதும். ராமநாதபுரம். பஸ் சத்தம். நீலச் சீவல்.

ஐப்பசி, கார்த்திகையில் மூட்டம் போட்டுக் கரை தெரியாமல் போகிற அந்திகளில், வத்தைக்காரர்கள் துடுப்பை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு கடலில் இருப்பார்கள். அவரும் அப்படி இருந்திருக்கிறார். மணி எந்தப் பக்கத்தில் கேட்கிறதோ அந்தப் பக்கம் வீடு.

“தவசி, நம்ம படையில என்ன வழக்கம்?”

தவசி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“செஞ்சவன் ஏறிப் பாக்கணும். இதுல ஏறப்போறது நானு. அந்த முளையிலதான் நான் மூணு வேளையும் உக்காரணும். ஆடுற எடத்துல என்ன உக்காரச் சொல்றியா?”

“ஏறாதன்னுதானே சொல்றேன், மடையா!”

யாக்கோபு சிரித்தார். பிறகு அந்த முளையைப் பழைய இரும்புப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, சக்கரத்தண்டில் மிச்சமிருந்த துண்டை எடுத்து லேத்தில் பூட்டினார். “இஞ்சினைச் சுத்து” என்றார். தவசி அசையவில்லை. யாக்கோபு தானே போய்ச் சுற்றப் பார்த்தார். ஒற்றை ஆளால் அது ஆகாது. இரண்டு தடவை திணறியதைப் பார்த்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே வந்து பிடியைப் பிடித்தார் தவசி. “இந்த மாதிரி ஒரு ஆளு கூண்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு, கூண்டுக்குக் கம்பி செஞ்சுக்கிட்டு...” என்று அவர் வைததெல்லாம் இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை.

அன்றைக்கு யாக்கோபு கடைந்ததுபோல் அவர் வாழ்நாளில் கடைந்ததில்லை. மயிரிழை மயிரிழையாக எடுத்தார். அளந்தார். மறுபடி எடுத்தார். பூட்டியபோது முளை அச்சுக்குழிக்குள் மூச்சு விடுகிற மாதிரி இறங்கியது.

ஞாயிறு விடியலில் சவேரியார் கயிற்றை இழுத்தார். வழக்கமாக முழு பலத்தையும் போட்டு இழுப்பவர், மணி இலேசாக எழும்பித் தலைக்குமேல் போனதும் பயந்து கயிற்றை விட்டுவிட்டார். விட்ட பிறகும் மணி நிற்கவில்லை. தானாக ஆடி ஆடி அடித்தது. படுத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து வெளியே வந்துவிட்டார்கள். வயதானவர்கள் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, “இதுதானப்பா பழைய சத்தம்” என்றார்கள். யாக்கோபு முழந்தாளில் இருந்தார். சத்தம் மண்ணுக்குள் இறங்கி முழங்கால் வழியாக ஏறி வந்தது.

---

திங்கட்கிழமை காலை மணி அடித்த பிறகு, லேத்தை வண்டியில் ஏற்றினார்கள். லூர்து மேரி தவசியிடம் ஒரு பொட்டலம் கருவாடு கொடுத்தாள். “மாசத்துக்கொரு தடவ வாங்கண்ணே. வேல இருந்தாக் கொண்டாங்க, இங்கன வச்சுச் செய்வாக.” அவள் கண் கலங்கியிருந்தது. புருஷன் மேல் கோபமா, தவசி போகிறாரே என்ற வருத்தமா, அவளுக்கே தெரிந்திருக்காது.

யாக்கோபு வண்டியோடு நடந்தார். மணலில் சக்கரம் புதைந்து புதைந்து மெதுவாகத்தான் போனது. உப்பளம் கடந்தார்கள். கிளைப்பனைக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. தவசி வண்டியை நிறுத்தச் சொன்னார்.

“உன் எல்லை வந்துருச்சு. போ.”

“இன்னும் மணி அடிக்கலையே. கொஞ்சம் வாரேன்.”

“அடிச்சாக் கேக்கணும்ல? கேக்கலைன்னா?”

யாக்கோபு வண்டியை முந்திக்கொண்டு நடந்தார். தவசி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கிளைப்பனை பின்னால் போனது. கால் கூசியது. இத்தனை வருஷத்தில் இந்த வேளைக்கு இங்கே நின்றதில்லை. வண்டி பெரிய ரோட்டை எட்டியது. மண்டபத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் போகிற தார்ச்சாலை. ஓரத்தில் ஒரு புளியமரம். சின்ன வயதில் ஆத்தா கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவருக்குப் பதநீர் வாங்கித் தந்த இடம் அது.

அப்போது மணி அடித்தது.

தெளிவாகக் கேட்டது. தெற்குக் காற்றில் ஏறி, பனைகளைத் தாண்டி, யாரோ தோளைத் தொட்டுக் கூப்பிடுவது போல். யாக்கோபு தார்ச்சாலையின் ஓரத்திலேயே முழந்தாளிட்டார். ஆத்தா இந்தப் புளியமரத்தடியில் மதிய மணிக்குக் கூடையை இறக்கிவிட்டுச் செபம் சொன்னது நினைவுக்கு வந்தது. அவள் நேர்ந்தபோது மணி இதுவரைக்கும் கேட்டிருக்கிறது. அவள் வைத்த எல்லை உப்பளமும் இல்லை, கிளைப்பனையும் இல்லை. இது. இவ்வளவு இடம் விட்டுத்தான் நேர்ந்திருக்கிறாள்.

செபம் முடிந்து எழுந்தபோது தவசி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“இங்கன வரைக்குமா?” என்றார் தவசி.

“இங்கன வரைக்கும்.”

தவசி சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். ராமநாதபுரம் இன்னும் எவ்வளவோ தூரம். லேத்தை இங்கேயே இறக்கிவிடலாமா என்பதுபோல் ஒரு தடவை வண்டியைப் பார்த்தார். கொட்டகை பேசியாகிவிட்டது. வாடை திரும்பினால் இந்தப் புளியமரத்துக்கு மணி எட்டாது என்பது இருவருக்குமே தெரியும்.

“பாவி, நல்லாத்தான் கடைஞ்சிருக்க” என்று மட்டும் சொன்னார்.

வண்டியின் முன்பக்கம் வண்டிக்காரரோடு இடம் இருந்தது. தவசி அங்கே ஏறவில்லை. பின்னால் லேத்தில் முதுகைச் சாய்த்து, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, யாக்கோபுவைப் பார்த்தபடி உட்கார்ந்தார். துப்பாக்கிக்காரர் இடம். மாடு நடந்தது. யாக்கோபு புளியமரத்தடியில் நின்றார். தவசியின் முகம், பிறகு துண்டின் வெள்ளை, பிறகு வெறும் வண்டி, எல்லாம் சின்னதாகிக்கொண்டே போயின. அங்கிருந்து பார்க்கிற தவசிக்கும் தான் இப்படித்தான் சின்னதாகிக்கொண்டிருப்பதாக அவருக்குத் தோன்றியது.

வண்டி மறைந்த பிறகு தெற்கே திரும்பி நடந்தார். அந்தி மணிக்கு இன்னும் நேரம் நிறையவே இருந்தது. கிளைப்பனையில் கொஞ்சம் உட்கார்ந்து போகலாம்.